4,250 ரூபாய்க்கு ஒரு நீள்விரிவுக் கருவி: வாங்கலாமா?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சூடாக்கினால் உலோகக் கம்பி எவ்வளவு நீள்கிறது என்று அளக்கிற இந்தப் பள்ளி ஆய்வகக் கருவி நல்ல கருவி, வாங்கலாம். கூடவே வரும் எட்டுப் பக்கக் கையேட்டை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்ததும் தள்ளி வைத்துவிடுங்கள். மலையூரில் வேலை பார்ப்பவர்கள் அதைப் பழைய பேப்பர்காரரிடமே போட்டுவிடலாம். ஏன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

நான் ஊட்டியில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. கல்யாணமாகி இங்கே வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. கருவியைப் பற்றிப் பேசும்போது சொந்த ஊர்க்கதை எதற்கு என்று நினைக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் வெப்ப இயற்பியல் பாடம் வருகிறது. நீள் வெப்ப விரிவு, பரப்பு வெப்ப விரிவு, பரும வெப்ப விரிவு என்று மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம். பிள்ளைகள் வரையறையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். "சரி, அரை மீட்டர் பித்தளைக் கம்பிக்குள் கொதிக்கிற ஆவியை விட்டால் எவ்வளவு நீளும், விரலால் காட்டு" என்று கேட்டால் ஒருத்தன் ஒரு சாண் காட்டுவான். இன்னொருத்தி ஒன்றுமே ஆகாது என்பாள். எங்கள் ஆய்வகத்தில் இருந்தது உருண்டையும் வளையமும்தான். குளிர்ந்திருக்கும்போது வளையத்துக்குள் போகிற உருண்டை சுட்ட பிறகு போகாது. விரிகிறதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். எவ்வளவு என்று கேட்டால் சொல்லாது. அதனால்தான் பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் இந்தக் கருவியைக் கேட்டு வாங்கினேன். கோயம்புத்தூரில் ஒரு லேப் சாமான் கடை, பெயர் வேண்டாம். விலை 4,250, வரி உட்பட.

தெர்மோகோல் வைத்த அட்டைப்பெட்டியில் வந்தது. பலகை மாதிரி ஓர் இரும்பு அடித்தளம், பித்தளை, அலுமினியம், இரும்பு என மூன்று குழாய்கள், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜ், சின்ன பாய்லர், ரப்பர் குழாய், 110 டிகிரி வரை காட்டும் ஒரு தெர்மாமீட்டர், கையேடு. பெட்டிமேல் அம்பாலா முகவரி. பள்ளி ஆய்வகச் சாமான் வாங்கியவர்களுக்கு அரியானாவில் உள்ள அந்த ஊரின் பெயர் பழகிப் போயிருக்கும்.

வேலை செய்யும் விதம் எளிது. கம்பி என்று நாம் சொன்னாலும் உள்ளே துளையுள்ள குழாய்தான். ஒரு முனையை அடித்தளத்தோடு திருகால் இறுக்கிவிட வேண்டும். மறுமுனை ஒரு தாங்கியின்மேல் சும்மா கிடக்கும், அதை டயல் கேஜின் ஊசி முட்டிக்கொண்டு நிற்கும். ஆவி உள்ளே போனால் குழாய் நீளும். இறுகிய பக்கம் நகர வழியில்லை, ஆகவே நீள்கிற மொத்தமும் ஊசியைத் தள்ளும். முள் ஒரு சுற்று வந்தால் 1 மி.மீ. முகப்பில் 100 கோடுகள், ஆக ஒரு கோடு 0.01 மி.மீ.

கல்லூரியில் நாங்கள் செய்தது புல்லிஞ்சர் கருவியில். நட்டுக்குத்தாக ஓர் ஆவி உறை, அதற்குள் கம்பி, உச்சியில் கண்ணாடித் தகட்டின்மேல் கோளமானி, அதாவது திருகைச் சுற்றி நுண்ணிய உயரத்தை அளக்கும் கருவி. கோளமானியின் திருகைக் கம்பியைத் தொடும்வரை இறக்கி அளவு எடுத்துவிட்டு, ஆவியை விடுவதற்கு முன்னால் நாலு சுற்று மேலே ஏற்றிவிட வேண்டும். மறந்தால் நீள்கிற கம்பி கோளமானியையே தூக்கிவிடும். நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன். டயல் கேஜில் அந்த வம்பு இல்லை. கம்பி நீள நீள முள் நகர்வது கண்ணெதிரே தெரியும். பள்ளிக்கூடத்துக்கு இதுதான் சரி, இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஜனவரியில் ஒரு காலை, முதல் பீரியட். ஆய்வகத்துக்குள் 14 டிகிரி. பிள்ளைகள் ஸ்வெட்டரோடு மேசையைச் சுற்றி நின்றார்கள். ஆவி வரத் தொடங்கியும் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. குளிர்ந்து கிடந்த குழாய்க்குள் போன ஆவி அங்கேயே தண்ணீராகி, மறுமுனையில் துப்பித் துப்பி விழுந்தது. "மிஸ், ரிப்பேரா?" என்று ஒரு குரல். அந்த நொடியில் முள் ஒரு துள்ளு துள்ளியது. 10, 20, 35 என்று ஓடியது, 60 தாண்டியதும் சோம்பலானது, ஒவ்வொரு கோடாக ஊர்ந்து 74இல் நின்றுவிட்டது. கண்ணுக்கு அந்தக் குழாய் முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது. நோட்டுத் தாள் எட்டு பத்தை அடுக்கினால் வருகிற தடிமன் அளவுக்கு நீண்டிருக்கிறது என்று சொன்னதும் முன்வரிசைப் பெண் தன் நோட்டிலிருந்து தாள்களை எண்ணிப் பிடித்துப் பார்த்தாள். ஆவியை நிறுத்தியபின் முள் வந்த வழியே திரும்பி, பூஜ்யத்துக்கு ஒரு கோடு முன்னால் நின்றது. இதுவரை எல்லாம் சுகம்.

கணக்குப் போட்டதும்தான் தொல்லை ஆரம்பித்தது. நீட்சியை முதல் நீளத்தாலும் வெப்பநிலை உயர்வாலும் வகுத்தால் நீள் வெப்ப விரிவு குணகம். அது சுழியம் சுழியமாக வருகிற எண் என்பதால் வகுப்பில் நான் வேறு மாதிரிக் கேட்பேன்: ஒரு மீட்டர் கம்பியை ஒரு டிகிரி சூடாக்கினால் எத்தனை மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும்? பித்தளைக்கு ஏறக்குறைய 19, தாமிரத்துக்கு 17, அலுமினியத்துக்கு 23, இரும்புக்கு 12. எங்கள் கணக்கில் குழாயின் நீளம் 500 மி.மீ., நீட்சி 0.74 மி.மீ., வெப்பநிலை 14இலிருந்து 100, அதாவது 86 டிகிரி உயர்வு. விடை 17.2.

"மிஸ், இது தாமிரம்" என்றான் கடைசி வரிசையில் இருந்தவன். நிறம் மஞ்சள்தானே என்றால், முலாம் பூசியிருப்பார்கள் என்றான். மார்க்கர் பேனாவால் குழாயின்மேல் "தாமிரம்?" என்று எழுதியும் வைத்துவிட்டான். பித்தளைக்குப் பதிலாக அதைவிட விலை கூடின தாமிரத்தை எந்தக் கடைக்காரர் ஏமாற்றி அனுப்புவார் என்று எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அலுமினியம் 20.7 வந்தது, கலப்படம் என்று முடிவு கட்டினேன். இரும்பு 10.7. மூன்றுமே ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து குறைகிறது என்பதைக் கவனித்திருந்தால் குற்றம் உலோகத்தில் இல்லை என்று அப்போதே பிடித்திருக்கலாம். பித்தளை அவ்வளவு அழகாகத் தாமிரத்தின் எண்ணில் போய் உட்கார்ந்ததில் புத்தி மழுங்கிவிட்டது.

கடைக்குப் போன் போட்டேன். குரலை உயர்த்தித்தான் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைசி வெப்பநிலை என்ன போட்டீங்க மேடம்?" என்றார். நூறு என்றேன். "தெர்மாமீட்டர்ல பாத்தீங்களா?" பார்க்கவில்லை. கையேட்டிலேயே நீராவியின் வெப்பநிலையை 100 டிகிரி என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது, பிறகு எதற்குப் பார்ப்பது? "பாத்துட்டுக் கூப்பிடுங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

பார்த்தேன். 92 அரை. சரி, தெர்மாமீட்டரும் டூப்ளிகேட் என்று புகார்க் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன்.

எங்கள் ஆய்வக உதவியாளர் இந்த ஊர்க்காரர், ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், முதலில் ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள், இப்போது பழகிவிட்டது. கடிதத்தை டைப் செய்யக் கொடுத்தபோது அவர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "டீச்சர், உங்க வீட்ல பருப்பு குக்கர் இல்லாம வேகுதா?"

வேகாது. வந்த முதல் மாதம், தூத்துக்குடியில் அம்மா செய்கிற மாதிரி திறந்த சட்டியில் துவரம்பருப்பைப் போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்திருக்கிறேன். பருப்பு சரியில்லை என்று மளிகைக் கடைக்காரரிடம் சண்டைக்கும் போயிருக்கிறேன்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். தோராயமாக ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி இறங்கும் என்று வைத்துக்கொண்டால் ஏழரை டிகிரி குறைய வேண்டும். 92 அரை என்று அந்தத் தெர்மாமீட்டர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன், பாடமாக நடத்தியும் இருக்கிறேன். ஆனாலும் என் தலைக்குள் தண்ணீர் இன்னும் தூத்துக்குடியிலேயே கொதித்துக்கொண்டிருந்தது.

அதே அளவுகளை வைத்து, 86க்குப் பதில் 78.5 போட்டோம். பித்தளை 18.9. அலுமினியம் 22.7. இரும்பு 11.7. நாலாயிரத்துச் சொச்ச ரூபாய்க் கருவிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கடைக்காரரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், கொடைக்கானல்லேருந்தும் இதே மாதிரி கூப்பிட்டாங்க" என்று சிரித்தார். அங்கேதான் எனக்கு மறுபடி கோபம் வந்தது. தெரிந்திருந்தும் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைக்கத் தோன்றவில்லையே? கையேட்டில் கடைசிப் பக்கம் வரை 100தான். மாதிரிக் கணக்கிலும் 100, அட்டவணையிலும் அந்தக் கட்டத்தில் 100 என்று முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளை அளக்க வேண்டிய ஒன்றை அச்சடித்துக் கொடுத்தால் அப்புறம் தெர்மாமீட்டரை எதற்குக் கூட அனுப்புகிறார்கள் என்று புரியவில்லை. இன்னொரு மட்டமான வேலை: குழாயின் முழு நீளமான 60 செ.மீ.யைக் கணக்கில் போடச் சொல்கிறது. இறுக்கிய திருகிலிருந்து ஊசி முட்டும் இடம் வரை உள்ள 50 செ.மீ.தான் கணக்கு. திருகுக்கு அந்தப்பக்கம் நீள்வது ஊசிக்குத் தெரியவே தெரியாது. நல்லவேளை, இதை முதலிலேயே கவனித்துவிட்டேன்.

பருப்புக் கதையைக் கேட்ட ஒரு பெண், "அப்ப பாய்லருக்குப் பதிலா குக்கர வெச்சா 100 வருமா மிஸ்?" என்றாள். நல்ல கேள்வி. குக்கருக்குள் ஏறும், ஆனால் எங்கள் குழாயின் மறுமுனை திறந்து கிடக்கிறது. ஆவி வெளியே வந்ததும் அழுத்தம் போய்விடும், பெரிதாகப் பயன் இருக்காது. திறந்த முனையை அடைத்துப் பார்க்கலாமே என்று அடுத்து ஒருத்தன் சொல்வதற்குள் பேச்சை மாற்றிவிட்டேன்.

இனி கருவியின் சொந்தக் குறைகள்.

பெரிய குறை, பாய்லர் வைக்கிற இடம். ரப்பர் குழாய் குட்டையாக இருப்பதால் அடுப்பை அடித்தளத்துக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டியிருக்கிறது. அடித்தளமும் இரும்புதானே, அதுவும் சூடாகி நீள்கிறது, டயல் கேஜைச் சுமந்துகொண்டு கம்பியைவிட்டு விலகிப் போகிறது. ஐந்து டிகிரி ஏறினாலே அரை மீட்டருக்கு மூன்று கோடு போய்விடும். இரண்டாவது ரவுண்டில் பித்தளைக்கு 74 வர வேண்டிய இடத்தில் 71 வந்தபோது நாங்கள் இரண்டு நாள் திருகைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் அடித்தளத்தை வெறும் கையால் தொட்டுப் பார்த்தது அண்ணாச்சிதான். இப்போது நீளமான குழாய் வாங்கிப் போட்டு, நடுவில் இரண்டு செங்கல்லை நிறுத்தி வைத்திருக்கிறோம். 74 திரும்பி வந்துவிட்டது.

திருகும் அப்படியொன்றும் யோக்கியமில்லை. பத்துப் பதினைந்து முறை இறுக்கித் தளர்த்தியதில் மரை தேய்ந்துவிட்டது. தேய்ந்தால் கம்பி இரண்டு பக்கமும் நீளும், ஊசிக்குப் பாதிதான் போய்ச் சேரும். ஹார்டுவேர் கடையில் ஒரு பட்டர்ஃபிளை நட்டு வாங்கி மாற்றினோம். ஆவி நின்று ஆறியபின் முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

ரப்பர் குழாய் சூட்டில் இளகி ஒருமுறை கழன்று விழுந்தது. யார் கையிலும் படவில்லை, ஆனால் என் உயிர் போய் உயிர் வந்தது. மூட்டில் ஒரு கிளிப் போடாமல் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். பாய்லர் ரொம்பச் சின்னது, ஸ்பிரிட் விளக்கில் வைத்தால் ஆவி வருவதற்குள் பீரியட் முடிந்துவிடும், மின்னடுப்புதான் சரிப்படும். அடித்தளத்தை ஒருபக்கம் லேசாகச் சாய்த்து வைத்தால் குழாய்க்குள் தேங்கும் தண்ணீர் வடிந்துவிடும், முள்ளும் தடுமாறாது.

டயல் கேஜைப் பற்றி ஒரு குறையும் இல்லை. கனமாக, வழுக்கலாக நகர்கிறது. அதைத் தனியாக வாங்கினாலே கணிசமாக ஆகும்.

"ஒரு கோடு ரெண்டு கோடுக்கெல்லாம் எதுக்கு மிஸ் இவ்ளோ பாடு?" என்று கேட்டவனுக்குப் பரங்கிமலையைச் சொன்னேன். 1802இல் வில்லியம் லாம்டன் நில அளவைக்கு அடிப்படைக் கோடு, அதாவது மற்ற தூரங்களையெல்லாம் கணக்கிட ஆதாரமான முதல் கோடு, அளந்தது அங்கேதான். ஏழரை மைல் தூரம், 100 அடி எஃகுச் சங்கிலியால். வெயில் படாமல் சங்கிலிக்குக் கூடாரம் போட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, சூட்டுக்கு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று கழித்துக் கழித்து அளந்தார்கள். அவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரும்புக்கு வந்த 11.7ஐயே வைத்துக் கரும்பலகையில் போட்டோம். 10 டிகிரி மாறினால் ஒரு சங்கிலிக்கு மூன்றரை மி.மீ. அதைக் கிட்டத்தட்ட 400 தடவை வைக்க வேண்டும். மொத்தம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கேட்டவன் எழுந்து நின்று தன் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டான். சங்கிலி எஃகு, எங்கள் குழாய் என்ன இரும்பென்று எனக்குத் தெரியாது, அதனால் இது தோராயம்தான். ஆனாலும் நாங்களே அளந்த எண் அங்கே போய் வேலை செய்தது எனக்குப் பிடித்திருந்தது.

பெட்டியில் இன்னும் ஒரு தாமிரக் குழாய் சேர்த்திருக்கலாம், எங்கள் சண்டையை ஐந்து நிமிடத்தில் தீர்த்திருக்கும். தனியாகக் கேட்டால் 600 ரூபாய் என்கிறார்கள். இன்வார் கம்பி கிடைக்குமா என்றும் கேட்டேன், விரியாத உலோகம் உண்டா என்று வகுப்பில் கேட்டிருந்தார்கள். 36 விழுக்காடு நிக்கல் கலந்த அந்த இரும்பை 1896இல் கண்டுபிடித்த கில்லோமுக்கு 1920இல் நோபல் பரிசே கிடைத்தது. எங்கள் கருவியில் அதைப் போட்டால் முள் ஐந்து கோடுகூட நகராது, அதைக் காட்டத்தான் ஆசை. கடையில் இல்லை.

வாங்குவது என்று முடிவு செய்தால் ஒன்று: மலைக்குக் கூரியர் கட்டணம் தனியாகக் கேட்பார்கள். கோயம்புத்தூர் போய்வருகிற யாராவது இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். பெட்டியைப் பஸ்ஸின் மேல் போட்டாலும் பரவாயில்லை, டயல் கேஜையும் தெர்மாமீட்டரையும் மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.